இன்ஃபோகாமைக் கவிழ்த்தது படமா, டேட்டாபேஸா?

கேட்டவர்: தபால்பெட்டி

போன வாரம்தான் ஸோர்க் என்ற பழைய கம்ப்யூட்டர் ஆட்டத்தின் முதல் பாகத்தைப் போனில் ஓட்டிப் பார்த்தேன். கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து ஆட வேண்டும். ஒரு படம்கூடக் கிடையாது. வெள்ளை வீடு, பலகை அடித்து மூடிய கதவு, வாசலில் ஒரு சின்ன தபால் பெட்டி, எல்லாமே எழுத்துதான். ஆனாலும் இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

இதை வெளியிட்ட இன்ஃபோகாம் பற்றித் தேடினால் எங்கும் ஒரே பல்லவி: கிராபிக்ஸ் வந்தது, கம்பெனி போனது. அவ்வளவுதானா? 1979-ல் தொடங்கி 1989-க்குள் கடையை மூட அது ஒன்று போதுமா?

அப்புறம் ஒரு சின்ன சந்தேகம். கம்பளத்தை நகர்த்தி, அடியில் இருந்த கதவைத் திறந்து கீழே இறங்கினேன். மேலே யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டார்கள். நான் ஏதும் தப்பு செய்தேனா?

பதில் 1: பிக்சல்பித்தன்

இதில் என்ன சந்தேகம்? 1984-ல் சியரா கம்பெனியின் கிங்ஸ் குவெஸ்ட் ஆட்டம் வந்துவிட்டது. திரையில் ஆள் நடக்கிறான், மரத்துக்குப் பின்னால் போய் வருகிறான். அதைப் பார்த்தவன் திரும்பப் போய் பத்தி பத்தியாக வாசிப்பானா?

பதில் 2: பித்தளைவிளக்கு

பிக்சல்பித்தன், தேதி உதைக்கிறதே. சியராவின் ராபர்ட்டா வில்லியம்ஸ் படம் போட்ட மிஸ்டரி ஹவுஸ் வந்ததே 1980-ல். ஸோர்க் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்ததும் அதே வருஷம்தான். இன்ஃபோகாம் கொடிகட்டிப் பறந்த 1983, 84 முழுக்கப் பக்கத்திலேயே படம் போட்ட ஆட்டங்களும் விற்றுக்கொண்டிருந்தன. படம் பின்னால் வலிக்கத்தான் செய்தது, மறுக்கவில்லை. முதல் அடி வேறு இடத்தில் விழுந்தது: அவர்கள் விற்கப்போன ஒரு டேட்டாபேஸில், அதாவது தகவல்களைச் சேர்த்து வைத்துத் தேட உதவும் ஆபீஸ் சாஃப்ட்வேரில்.

கதை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. டிம் ஆண்டர்சன், மார்க் பிளாங்க், புரூஸ் டேனியல்ஸ், டேவ் லெப்ளிங் நாலு பேரும் 1977-லிருந்து பிடிபி-10 என்ற பெரிய மெஷினில் ஸோர்க்கை எழுதி வளர்த்தார்கள். அது கிட்டத்தட்ட ஒரு மெகாபைட். அன்றைய வீட்டு மெஷினிலோ 32 கிலோபைட் இருந்தாலே பெரிய விஷயம். பிளாங்க்கும் ஜோயல் பெரெஸும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். இல்லாத ஒரு கம்ப்யூட்டரைக் காகிதத்தில் வடிவமைப்பது. ஆட்டத்தை அதற்கு எழுதுவது. ஒவ்வொரு நிஜ மெஷினுக்கும் அந்தக் கற்பனை மெஷினாக நடிக்கும் ஒரு சின்ன புரோகிராமை மட்டும் தனித்தனியாக எழுதுவது. அதுதான் இசட்-மெஷின். அப்படியும் ஆட்டம் அடங்கவில்லை, மூன்றாக வெட்டினார்கள். நீங்கள் ஆடுவது அதில் முதல் துண்டு.

எனக்கு இதில் ஒரு தனிப்பிரியம் உண்டு. ஒரு லீவில் வேறு வேலை இல்லாமல் இசட்-மெஷினுக்கு நானே ஒரு இன்டர்பிரட்டர், அதாவது மேலே சொன்ன நடிக்கும் புரோகிராம், எழுதினேன். முதல் நாள் திரை முழுக்க குப்பை. பிறகுதான் புரிந்தது: எழுத்துக்கு ஐந்தே பிட், இரண்டு பைட்டில் (பதினாறு பிட்) மூன்று எழுத்து, மிச்சமாகும் ஒரு பிட், வாக்கியம் முடிந்ததா என்று சொல்ல. நான் இரண்டு பைட்டையும் முன்பின்னாக மாற்றிப் படித்திருந்தேன். ஆட்டத்துக்குத் தெரிந்த சொற்களின் அகராதியில் ஒரு சொல்லுக்கு நாலே பைட், அதாவது ஆறு எழுத்து. உங்கள் தபால் பெட்டிக்கு ஆங்கிலத்தில் (mailbox) ஏழு எழுத்து இல்லையா? கடைசி எழுத்தை ஆட்டம் பார்ப்பதே இல்லை. மாற்றி அடித்துப் பாருங்கள், அப்போதும் திறக்கும்.

சரி, டேட்டாபேஸுக்கு வருகிறேன். இந்த எம்ஐடிக்காரர்கள் ஆட்டம் விற்கவென்றே இன்ஃபோகாமைத் தொடங்கியவர்கள் இல்லை. கையில் தயாராக இருந்தது ஸோர்க், அதை விற்றார்கள். ஆபீஸ் சாஃப்ட்வேர் ஆசை உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. ஆட்டத்தில் வந்த காசையும் வெளியே வாங்கிய காசையும் கொட்டி 1985-ல் கார்னர்ஸ்டோன் என்ற டேட்டாபேஸை 495 டாலருக்கு இறக்கினார்கள். அதையும் ஆட்டங்களைப் போலவே ஒரு கற்பனை மெஷின் மேல் எழுதினார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் இங்கேதான். எல்லா மெஷினிலும் ஓடும் என்பது ஆட்டத்துக்குப் பெரிய பலம். ஆனால் ஆபீஸ்களில் அதற்குள் ஐபிஎம் பிசிதான் எல்லாம் என்றாகிவிட்டது. எங்கும் ஓடும் திறமை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அதற்குக் கொடுத்த விலையான மந்தவேகம் மட்டும் மிஞ்சியது. சரக்கு போகவில்லை. ஆட்களைக் குறைத்தார்கள், 1986-ல் ஆக்டிவிஷன் என்ற ஆட்டக் கம்பெனி வாங்கிக்கொண்டது, 1989-ல் இன்ஃபோகாமின் கேம்பிரிட்ஜ் (அமெரிக்காவில் இருப்பது) அலுவலகம் மூடப்பட்டது.

பதில் 3: உறைபிரிப்பவர்

ஒன்றைச் சேர்க்கிறேன். 1982-ல் வந்த இன்ஃபோகாமின் டெட்லைன் துப்பறியும் ஆட்டம். வாக்குமூலம், ஆய்வக அறிக்கை எல்லாவற்றையும் வட்டில் அடக்க முடியாமல், காகிதத்தில் அச்சிட்டுப் பெட்டிக்குள் போட்டார்கள். சம்பவ இடத்தில் கிடைத்ததாகச் சில மாத்திரைகள்கூட ஒரு சின்னப் பையில் இருந்தன. இடமில்லாத குறைக்குச் செய்தது கடைசியில் அவர்கள் முத்திரையே ஆகிவிட்டது. வட்டை நகல் எடுத்தவனுக்கு மாத்திரை கிடைக்காதே!

கார்னர்ஸ்டோனை ரொம்பவும் திட்ட வேண்டாம். புரோகிராம் எழுதத் தெரியாதவரும் டேட்டாபேஸைக் கையாளட்டும் என்பதுதான் அதன் நோக்கம். தப்பான எண்ணம் என்று நான் சொல்லமாட்டேன்.

பதில் 4: பிக்சல்பித்தன்

மிஸ்டரி ஹவுஸ் தேதி சரிதான், அதை மறந்துவிட்டேன். ஆனாலும் கார்னர்ஸ்டோன் வராமலே இருந்திருந்தால் 1995-ல் இன்ஃபோகாம் எழுத்து ஆட்டம்தான் விற்றுக்கொண்டிருக்கும் என்று நம்பச் சொல்லாதீர்கள்.

பதில் 5: பித்தளைவிளக்கு

அதைச் சொல்லமாட்டேன். கையில் காசு இருந்திருந்தால் மாறிக்கொள்ள நேரமாவது கிடைத்திருக்கும் என்கிறேன்.

தபால்பெட்டி, கதவு விஷயம் உங்கள் தப்பு இல்லை. எல்லாருக்கும் அப்படித்தான் சாத்தும். மேலே வர வேறு வழி உண்டு, சொல்லமாட்டேன். வெளிச்சமுள்ள இடத்துக்கு வந்ததும் விளக்கை அணையுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி தீரும்.

பதில் 6: தபால்பெட்டி

கடைசி எழுத்தை மாற்றி அடித்தேன், பெட்டி திறந்தது! விளக்கு விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன். கீழேயே அணைத்துப் பார்த்தேன். இருட்டில் ஏதோ தின்றுவிட்டது.