குணம் எதிர்மாறாய் இருந்தால் குடும்பத்துக்கும் தொழிலுக்கும் நல்லதோ?

பரந்தன்சந்தி கேட்டது:

வணக்கம் உறவுகளே. தங்கச்சிக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு. சாதகம் பாத்தாச்சு, பத்தில ஏழு பொருத்தம். அவ பிரதேச செயலகத்தில அபிவிருத்தி உத்தியோகத்தர். கதை குறைவு, ஒரு சதம் பிசகாமல் கொப்பியில எழுதி வைக்கிற ஆள். மாப்பிள்ளை அக்கராயன் பக்கம். 5 ஏக்கர் வயல், ஒரு லான்ட்மாஸ்ரர், கொஞ்சம் நெல்லு யாவாரம். அதைப் பெருப்பிக்க யோசிக்கிறார். சந்தைக்குப் போனால் பத்துப்பேர் சுத்தி நிப்பினம், அப்பிடிக் கதைப்பார். கணக்கு எண்டால் மட்டும் தூரம்.

வீட்டில பெரியாக்கள் "ஒண்டுக்கொண்டு எதிர்மாறாய் இருந்தால்தான் குடும்பம் ஓடும்" எண்டு சந்தோசத்தில நிக்கினம். சித்தப்பா மட்டும் "எதிர்மாறு எண்டால் நித்தம் சண்டைதான்" எண்டுறார். எது சரி? இணையத்தில வாற 16 வகைக் குணச் சோதனையை ரெண்டுபேரையும் செய்யச் சொல்லலாமோ? அவ வேலையை விட்டிட்டு யாவாரத்துக்குள்ள இறங்கிற கதையும் அடிபடுது. தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

---

உளத்துணை எழுதியது:

எதில் எதிர்மாறு என்று பிரித்துப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல ஏலாது.

"ஒருவரின் குறையை மற்றவர் நிரப்புவார், அதனால்தான் சேர்கிறார்கள்" என்ற கருத்தை 1950களில் ராபர்ட் வின்ச் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் முன்வைத்தார். கேட்க நன்றாக இருந்தது, பின்வந்த ஆய்வுகள் அதைத் தாங்கவில்லை. 2023இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் நூறு வருடத்து ஆய்வுகளையும் பிரித்தானியாவின் பெரிய தரவுத் தொகுப்பு ஒன்றையும் சேர்த்து ஒரு கட்டுரை வந்தது. பார்த்த இயல்புகளில் 80 சதவீதத்துக்கு மேல் சோடிகள் ஒத்தே இருந்தார்கள். எதிர்மாறு 3 சதவீதம் அளவில்தான். கல்வி, குடிப்பழக்கம், சமய அரசியல் எண்ணங்களில் ஒற்றுமை நல்ல வலு. கலகலப்பு, அமைதி போன்ற குணங்களில் மிகச் சொற்பம். ஆனால் யார் யாரைக் கலியாணம் முடிக்கிறார்கள் என்பதைத்தான் அது சொல்லுகிறது, முடித்தவர்கள் சந்தோசமாக இருக்கிறார்களா என்பதை அல்ல. எங்கள் கணப்பொருத்தமும் ஒரே கணத்தைத்தானே உத்தமம் என்கிறது. எதிர்மாறு நல்லது என்று எந்தச் சாத்திரியார் சொன்னார் என்று பெரியவர்களிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

நடைமுறையில் நான் பிரிப்பது இப்படி. கடன், பிள்ளைகள், தாய் தகப்பனைப் பார்ப்பது, பொய் சொல்லலாமா கூடாதா, இவற்றில் இருவரும் கிட்டக்கிட்ட இருக்கவேண்டும். அன்பு காட்டும் விதமும் கிட்டவாக இருப்பது நல்லது. ஒருவர் ஓடிவந்து கதைக்க மற்றவர் விறைத்துக்கொண்டு நின்றால் நாளடைவில் முறியும். யார் முன்னுக்கு நிற்பது, யார் பின்னால் பிடிப்பது என்பதில் மட்டும் வேறுபாடு உதவும். இரண்டு பேரும் முன்னுக்கு நின்றால் இழுபறி, இரண்டு பேரும் பின்னுக்கு நின்றால் ஒன்றும் நடக்காது.

காசு விசயத்தில் கவனம். இறுக்கமாகச் செலவழிப்பவரும் தாராளமாகச் செலவழிப்பவரும் ஒருவரையொருவர் விரும்பி முடிப்பது அதிகம், பிறகு காசுக்காகச் சண்டை பிடிப்பதும் அவர்கள்தான் அதிகம் என்று 2011இல் ஒரு ஆய்வு காட்டியது. உங்கள் தங்கச்சியின் சோடி அந்த வகைக்குள் விழக்கூடும்.

16 வகைச் சோதனையை விடுங்கள். அதே ஆள் சில கிழமை கழித்துச் செய்தால் வேறு வகை வருவது சாதாரணம். அளப்பதென்றால் இரண்டு குணம் போதும்: ஒழுங்குணர்வு, உணர்ச்சித் தளம்பல். பின்னையது கூடினால் மணவாழ்க்கைத் திருப்தி குறைகிறது என்பது திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று. முன்னையது தொழிலுக்குள்ளும் கை நீட்டுகிறது. அவுஸ்திரேலியாவில் 4,500க்கு மேற்பட்ட மணமானவர்களை ஐந்து வருடம் பின்தொடர்ந்த 2014ஆம் ஆண்டு ஆய்வில், துணைவர் ஒழுங்கானவராக இருந்தால் மற்றவரின் வருமானம், பதவியுயர்வு, வேலைத் திருப்தி மூன்றும் கூடியிருந்தன. வீட்டுச்சுமையில் ஒரு பங்கை அவர் இறக்கி வைப்பதும், அவரைப் பார்த்து மற்றவரும் ஒழுங்காகப் பழகுவதும் காரணமாகச் சொல்லப்பட்டன.

சோதனைத் தாளை விட நல்லது நடந்ததைக் கேட்பது. "நீங்கள் சிக்கனமோ" என்று கேட்டால் எல்லாரும் ஓம்தான். "போன மாசி அறுவடைக் காசு எதெதுக்குப் போனது? இப்ப ஆருக்கு எவ்வளவு குடுக்க இருக்கு? ஒரு யாவாரம் நட்டப்பட்டால் ஆருக்கு முதலில் சொல்லுவீங்கள்?" இப்படிக் கேளுங்கள். இருவரையும் தனித்தனியே கேட்டுவிட்டுப் பிறகு ஒன்றாக இருத்திக் கதைக்க விடவேண்டும். முழுக் கடனையும் வாய்திறந்து சொல்லும் ஆள் கணக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்று. 2009க்கு முன்பின் இடம்பெயர்ந்து எல்லாம் இழந்த குடும்பங்களில் காசை இறுக்கிப் பிடிப்பதும், "இருக்கேக்க அனுபவிப்பம்" என்று செலவழிப்பதும் பிறவிக் குணமாக இல்லாமல் அந்தக் காலத்துப் பழக்கமாக இருக்கலாம். காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரே பையில் போட்டுக் கதவடியில் வைத்திருப்பவரைப் 'பயந்தாங்கொள்ளி' என்று முத்திரை குத்தாதீர்கள். அந்தப் பழக்கம் காரணத்தைக் கேட்டுக் கதைத்தால் இளகும்.

---

வயல்வரம்பு எழுதியது:

யாவாரப் பக்கத்தை நான் சொல்லுறன். அந்த மாப்பிள்ளையின்ர தொழிலுக்கு உங்கட தங்கச்சியின்ர கொப்பி எவ்வளவு பெறுமதி எண்டதுக்கு ஒரு கணக்குப் போதும்.

மெசின் வெட்டின பச்சை நெல்லு 20 வீத ஈரத்தில வருது. கிலோ 100 ரூபா எண்டு 1000 கிலோ வாங்கினால் 1 லட்சம். அதைப் படங்கில போட்டு 14 வீதத்துக்குக் காயவிட்டால் (நெல் சந்தைப்படுத்தும் சபை எடுக்கிற உச்ச ஈரம் அது) மிஞ்சிறது 930 கிலோ. 1000ஐ 80ஆல பெருக்கி 86ஆல பிரிச்சுப் பாருங்கோ. இப்ப 105 ரூபாப்படி வித்தால் கையில 97,650. கூலி, ஏத்துக்கூலி சேர்க்க முன்னமே 2,350 ரூபா நட்டம். ஆனால் கதைகாரன் சந்தையில நிண்டு "100க்கு வாங்கி 105க்கு வித்தன், கிலோவுக்கு அஞ்சு லாபம்" எண்டு சொல்லுவான். பொய் சொல்லேல்ல, நிறை குறைஞ்சதை ஆரும் எழுதேல்ல, அவ்வளவுதான். 107.50க்குக் கீழ வித்தால் முதலே திரும்பாது எண்டதை வாங்க முன்னம் கொப்பியில போடவேணும்.

தராசடியிலயும் இப்பிடித்தான். விலை கதைக்கிற ஆளும் நிறை எழுதுற ஆளும் ஒராள் எண்டால் ஒண்டு கோட்டை விடும். கதை குடுத்துக்கொண்டே மூடையை மாத்துற ஆக்கள் இருக்கினம். சாக்கு நிறைக்கெண்டு வெட்டுற கழிவையும் பாருங்கோ. சணல் சாக்கு ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும், பொலித்தீன் சாக்கு 100 கிராம் அளவுதான். பொலித்தீன் சாக்குக்கு மூடைக்கு ஒரு கிலோ வெட்டினால் 100 மூடையில 90 கிலோ சும்மா போகுது. ஒராள் வாயாலயும் ஒராள் பேனையாலயும் நிண்டால் அது பிடிபடும். அதுக்கு அவ ஒவ்வொருநாளும் அங்க நிக்கவேணும் எண்டில்லை, சனிக்கிழமை நிறுக்கிறமாதிரி வைச்சால் வேலையும் கெடாது.

இனிக் கடனுக்குக் குடுக்கிறது. கதைகாரருக்கு இல்லை எண்டு சொல்ல வாய் வராது, அது அவையின்ர யாவாரத்தின்ர மறுபக்கம். வழமையில "மனிசியிட்டக் கேக்கவேணும்" எண்டு தப்புவினம். இது ரெண்டு வருசத்தில அவவை ஊருக்கெல்லாம் கெட்டவளாக்கிப்போடும். அதுக்குப் பதிலா ஒரு வரம்பை எழுதி கடையில ஒட்டுங்கோ: ஒராளுக்கு இவ்வளவுக்கு மேல கடன் இல்லை, பழசு கட்டாமல் புதுசு இல்லை. மறுக்கிறது தாள், ஆள் இல்லை.

கணக்கு மூண்டாய் இருக்கட்டும். வயல், யாவாரம், வீடு. ஐப்பசி கார்த்திகையில விதைப்பு, உழவு, பசளை எண்டு போகும், மாசி பங்குனியில வரும். நடுவில தைப்பொங்கலும் பள்ளிக்கூடச் செலவும். காசு ஆகக் குறையிற மாசம் தை. அவவின்ர சம்பளம் வீட்டுக் கணக்குக்கு மட்டும். அது யாவாரத்துக்குள்ள ஒழுகத் தொடங்கினால் லாப நட்டம் எந்தக் கடவுளுக்கும் தெரியாது. ஒராள் தனிய முடிவெடுக்கிற தொகைக்கும் ஒரு எல்லை வையுங்கோ, 25,000 எண்டு வைச்சால் அதுக்கு மேல ரெண்டுபேரும் சேர்ந்துதான்.

---

முல்லைக்காரி எழுதியது:

எல்லாரும் தங்கச்சியின்ர கொப்பியைப் புகழுறீங்கள். அவவுக்கு அதில என்ன மிச்சம் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல.

"அவ பொறுப்பான பிள்ளை" எண்ட சொல்லுக்குப் பின்னால வேலை குவியிறதுதான் வழமை. கிளினிக் திகதி, கரண்ட் பில், மாமியின்ர பிரஷர் குளிசை, கலியாணவீட்டுக்கு எவ்வளவு குடுக்கிறது, ஆர் எவ்வளவு தரவேணும், எல்லாத்தையும் நினைவு வைச்சிருக்கிறதும் ஒரு வேலை. அது ஒரு பட்டியலிலயும் வராது. ரெண்டுபேரும் ஒரு கிழமைக்குச் செய்ததையும் ஞாபகப்படுத்தினதையும் தனித்தனியாய் எழுதிப் பாக்கட்டும். ஞாபகப்படுத்தின பக்கம் ஒராளின்ர தலையில மட்டும் இருந்தால் அங்க ஒண்டு ரெண்டை முழுசாய்க் கைமாத்தவேணும். மாமியின்ர குளிசை அவற்ர பொறுப்பு எண்டால் முடியப்போறதைப் பாக்கிறதும் அவர்தான், வாங்கிறதும் அவர்தான். அவ சொல்லி அவர் வாங்கினால் அது கைமாத்தினதில்லை.

வருசத்தில ரெண்டு தரம் தொழிலையும் மாத்திப் பழகவேணும். அவர் ஒரு மாசம் கணக்கு எழுதட்டும், அவ ஒருக்கால் விலை கதைக்கட்டும். வடிவாய் வராது, வரத்தேவையும் இல்லை. டெங்கு வந்து அவ பத்துநாள் ஆஸ்பத்திரியில கிடந்தால் கடன் கொப்பி எங்க, மில்காரன் எவ்வளவு தரவேணும் எண்டு அவருக்குத் தெரியவேணும், அதுக்குத்தான்.

---

பரந்தன்சந்தி:

நன்றி எல்லாருக்கும். அந்த 97,650 கணக்கை அச்செடுத்து மாப்பிள்ளைக்குக் காட்டினன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்திட்டு, போன போகத்துக் கணக்கையும் அப்பிடிப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டார். வேலையை விடுறது பற்றி ஆராவது சொல்லுங்கோ. மற்றது, அவருக்கு வங்கிக்கடனுக்கு அவ பிணை நிக்கலாமோ எண்டும் ஒரு கேள்வி வந்திருக்கு. கதைக்கிற விசயமும் இருக்கு. அவர் ஒண்டைப் பிடிச்சால் விடமாட்டார், அவ வாயை மூடிக்கொண்டு எழும்பிப் போயிடுவா.

---

உளத்துணை:

கடைசி விசயம் மட்டும். ஒருவர் துரத்த மற்றவர் ஒதுங்குவது சோடிகளில் அடிக்கடி காணும் வட்டம். துரத்தத் துரத்த ஒதுங்குவார், ஒதுங்க ஒதுங்கத் துரத்துவார். எழும்பிப் போவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். போகும்போது திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும்: "இப்ப ஏலாது, சாப்பிட்டாப்பிறகு கதைப்பம்." குறைந்தது 20 நிமிடம் விட்டால்தான் நெஞ்சுப் படபடப்பு அடங்கும். அவர் அந்த நேரம் வரும்வரை பின்னால் போகக்கூடாது. சொன்ன நேரத்துக்கு அவ வரவேண்டும். வராவிட்டால் அடுத்தமுறை அவர் கட்டாயம் துரத்துவார். எழுதிப் பழகியவர் என்பதால், சொல்ல நினைப்பதை நாலு வரியில் எழுதிக்கொண்டு வந்தாலும் நல்லது.

---

ஓமந்தைத்தபால் எழுதியது:

வேலையை விடவேண்டாம், குறைஞ்சது மூண்டு பெரும்போகக் கணக்கு கையில வரும்வரை. ஒரு நல்ல போகத்தைப் பாத்து முடிவெடுக்கிறவை அடுத்த வருச வெள்ளத்திலயோ நெல்லைத் தாக்கிற கபிலநிறத் தத்திப் பூச்சியிலயோ மாட்டுப்படுவினம். இராஜினாமாக் கடிதம் குடுத்தால் ஓய்வூதிய உரிமையும் கையைவிட்டுப் போகும். கட்டாயம் எண்டால் சம்பளமில்லாத லீவுக்கு வழி இருக்கோ எண்டு முதலில நிர்வாகப் பிரிவில கேக்கட்டும். யாவாரப் பெயர்ப்பதிவை அவ பேரில போடவும் வேண்டாம். அரச உத்தியோகத்தர் வெளித்தொழில் செய்ய அனுமதி எடுக்கவேணும், பதிவு நடக்கிறதும் பிரதேச செயலகத்திலதான், ஒளிக்க இடமில்லை.

பிணை. அரச சம்பளம் எடுக்கிற ஆள் எண்டால் வங்கி விரும்பி ஏற்கும், அதுதான் ஊரில எல்லாரும் அவையைத் தேடி வருகினம். கடன்காரர் கட்டாட்டில் பிணைக்காரரிட்ட முழுத்தொகையையும் கேக்கலாம். புருசனுக்குப் பிணை நிண்டால் வீட்டின்ர ரெண்டு வருமானமும் ஒரே நெல்லில தொங்குது. யாவாரம் விழுந்தால் வீட்டைத் தாங்கவேண்டிய சம்பளமும் சேர்ந்து விழும். கடன் வாகனம் வாங்க எண்டால் லீசிங்கில அந்த வாகனத்தையே ஈடாய் வைச்சு எடுக்கட்டும், பிணைக்கு வேற ஆள் பாக்கட்டும். மாப்பிள்ளை மற்றவைக்குப் பிணை நிக்கிறவரோ எண்டும் விசாரியுங்கோ, இல்லை எண்டு சொல்லத் தெரியாத ஆக்கள் அப்பிடி நாலைஞ்சு கையெழுத்து வைச்சிருப்பினம். அதெல்லாம் கடன்தான்.

சீதனக் காணியை ஈடு வைக்கிற கதை வந்தால், யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டமான தேசவழமை பொருந்துறவைக்கு மனைவி தன்ர பேரில இருக்கிற அசையாச் சொத்தை விக்கவோ ஈடுவைக்கவோ புருசன்ர எழுத்துச் சம்மதம் வேணும். அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த காணி எண்டால் சட்டம் வேற, நினைச்சமாதிரி ஈடுவைக்க ஏலாது. அவற்ர 5 ஏக்கர் உறுதியோ அனுமதிப்பத்திரமோ, பின்னுரித்தாளராய், அதாவது அவருக்குப் பிறகு காணி சேரவேண்டிய ஆளாய், ஆரின்ர பேர் பதிஞ்சிருக்கு எண்டதை கலியாண எழுத்துக்கு முன்னம் பாத்துக்கொள்ளுங்கோ. கலியாணத்துக்குப் பிறகு கேட்டால் ஆளை நம்பேல்ல எண்டு வரும்.