புது லேப்டாப்பில் வந்த ஆன்டிவைரஸ் சந்தா: எப்படி நிறுத்துவது?

மண்டபத்தில் அப்பாவின் கருவாட்டுக் கடைக் கணக்குக்காக மே மாதம் ராமநாதபுரத்தில் ஒரு லேப்டாப் வாங்கினோம். விண்டோஸ் 11. கூடவே வந்த ஆன்டிவைரஸ் முதல் மாதம் இலவசம் என்று சொல்லி டெபிட் கார்டு விவரம் கேட்டது. ஜூன் கடைசியில் ஒரு வருடச் சந்தா என்று 2,499 ரூபாய் எடுத்துவிட்டார்கள். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல்தான் முடிந்தது. வியாபாரம் இன்னும் சூடுபிடிக்கவில்லை. எங்களுக்கு இது பெரிய தொகை.

தானாகப் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எஸ்எம்எஸ், மெயில் எதுவும் வரவில்லை.

மென்பொருளை நீக்கியும் சந்தா அப்படியே இருக்கிறது. அவர்கள் தளத்தில் ‘தானாகப் புதுப்பித்தல்’ அணைய மறுக்கிறது. யுபிஐ ஆட்டோபேயில் எதுவும் இல்லை. அப்புறம் வங்கிக்குப் போனால், கார்டையே முடக்கச் சொல்கிறார்கள். ஐஸ் கம்பெனிக்கும் லாரிக்கும் அதே கார்டுதான்.

கார்டை முடக்காமல் இந்த ஒரு இ-மேண்டேட்டை (கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதியை) மட்டும் ரத்து செய்ய என்ன வழி?