உதவி: ஏஜென்ட் தப்பான டூலையே கூப்பிடுகிறது (அவசரம்)

தறி_7
வணக்கம். ஆர்டர் விசாரணைக்கு, வாடிக்கையாளர் கேட்பதைப் பார்த்து மொழி மாடலே தேவையான டூலை (நான் எழுதிய சிறு நிரல்) கூப்பிட்டுப் பதில் சொல்லும் ஏஜென்ட் ஒன்று செய்திருக்கிறேன். நேற்று வரை நன்றாக ஓடியது. இன்று காலையிலிருந்து தப்பான டூலைக் கூப்பிட்டு, இருக்கிற ஆர்டரையே இல்லை என்று சொல்கிறது. சிஸ்டம் பிராம்ப்ட்டை (மாடலுக்கு முதலில் கொடுக்கும் பொது அறிவுறுத்தல்) நாலு தடவை மாற்றிப் பார்த்தும் பிரயோஜனம் இல்லை. நாளை காலை காட்டியாக வேண்டும், யாராவது உதவுங்கள்.

கீற்று
எந்த மாடல்? மொத்தம் எத்தனை டூல்? டூல் எதற்கென்று மாடலுக்குச் சொல்லும் டிஸ்கிரிப்ஷனை அப்படியே ஒட்டுங்கள்.

அலைவரிசை
பதிலில் எவ்வளவு தற்செயல் இருக்கலாம் என்று தீர்மானிக்கும் டெம்பரேச்சரைப் பூஜ்யமாக்குங்கள். எனக்கும் இதே தொல்லை இருந்தது, அதோடு அடங்கியது.

வெண்கலம்
பூஜ்யமாக்கினால் அதே தப்பை ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் செய்யும், அவ்வளவுதான். நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாற்றினீர்கள்?

தறி_7
ஒன்றும் மாற்றவில்லை. ஒரு புது டூல் மட்டும் சேர்த்தேன். தனியாகச் சோதித்தேன், சரியாகத்தான் ஓடுகிறது.

நிரல்தச்சன்
புது டூல் சேர்த்தது மாற்றம் இல்லாமல் வேறென்ன? 2023 ஜூனில் ஓபன்ஏஐ ஃபங்ஷன் காலிங் (மாடல் டூலைக் கூப்பிடும் வசதி) கொண்டுவந்த நாளிலிருந்து இதே கேள்விக்குப் பதில் சொல்லி வருகிறேன். மாடல் உங்கள் நிரலைப் பார்ப்பதில்லை. பெயர், டிஸ்கிரிப்ஷன், பாராமீட்டர் (டூலுக்குக் கொடுக்க வேண்டிய தகவல்), இவ்வளவுதான் அதன் கண்ணில் படும். ஒரு டூலுக்குக் குறைந்தது மூன்று நான்கு வாக்கியமாவது எழுதுங்கள் என்று கிளாட் மாடலைச் செய்யும் ஆந்த்ரோபிக்கின் ஆவணத்திலேயே இருக்கிறது. படித்துவிட்டு வந்திருக்கலாம்.

கீற்று
அவர் அவசரத்தில் இருக்கிறார், விடுங்கள். தறி, டிஸ்கிரிப்ஷன் எங்கே?

தறி_7
கெட்_ஆர்டர்: "ஆர்டர் விவரங்களைப் பெறும்." பாராமீட்டர்: ஐடி, ஸ்ட்ரிங் (எந்த எழுத்தும் எண்ணும் வரலாம்).
ஃபைண்ட்_ஆர்டர் (புதுசு): "ஆர்டர் தகவலைத் தேடித் தரும்." பாராமீட்டர்: குவெரி, ஸ்ட்ரிங்.
இன்னும் ஆறு டூல் உண்டு, அவற்றில் பிரச்சினை இல்லை.

உளிச்சத்தம்
இந்த இரண்டு வரியையும் நிரல் எழுதத் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். வாடிக்கையாளர் ஃபோன் எண்ணைச் சொல்லிக் கேட்டால் எதை எடுப்பார்? அவருக்கே தெரியாது. மாடல் கெட்_ஆர்டரை எடுத்து, ஐடி இருந்த இடத்தில் ஃபோன் எண்ணைப் போட்டிருக்கும். கூப்பிட்டதெல்லாம் பதிவாகும் லாகைப் பாருங்கள். எதுவும் கிடைக்காதபோது உங்கள் டூல் என்ன திருப்பித் தருகிறது?

தறி_7
ஆமாம், ஃபோன் எண்தான் போயிருக்கிறது! கிடைக்காவிட்டால் காலிப் பட்டியல் வரும்.

உளிச்சத்தம்
அப்படியானால் மாடல் பொய் சொல்லவில்லை. காலிப் பட்டியலைப் பார்த்தால் ஆர்டர் இல்லை என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். கெட்_ஆர்டரை இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஆர்டர் எண் தெரிந்திருக்கும்போது மட்டும் பயன்படுத்தவும். அந்த ஓர் ஆர்டரின் நிலை, பொருள்கள், அனுப்பிய தேதி ஆகியவற்றைத் தரும். பணம் திரும்பிய விவரம் இதில் வராது. ஃபோன் எண்ணோ பெயரோ மட்டும் தெரிந்தால் இதைக் கூப்பிடக் கூடாது. முதலில் ஃபைண்ட்_ஆர்டரைக் கூப்பிட்டு, அதில் கிடைக்கும் ஆர்டர் எண்ணை இங்கே கொடுக்கவும்."

பாராமீட்டர் பெயரையும் ஐடி என்று விடாமல் ஆர்டர்_ஐடி ஆக்குங்கள். எண் எந்த வடிவில் இருக்கும் என்று ஓர் எடுத்துக்காட்டும் கொடுங்கள். ஃபைண்ட்_ஆர்டரிலும் இதே எல்லையை அந்தப் பக்கத்திலிருந்து எழுத வேண்டும். அப்புறம், வடிவம் பொருந்தாவிட்டால் காலிப் பட்டியலுக்குப் பதில் "இது ஆர்டர் எண் அல்ல, ஃபோன் எண் என்றால் ஃபைண்ட்_ஆர்டரைக் கூப்பிடவும்" என்று பிழைச் செய்தி அனுப்புங்கள். அதைப் படித்துவிட்டு மாடல் பெரும்பாலும் தானே திருத்திக்கொள்ளும்.

அலைவரிசை
அதெல்லாம் சரி, டிஸ்கிரிப்ஷனை ஏன் தமிழில் எழுத வேண்டும்? ஆங்கிலத்தில் எழுதினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வெண்கலம்
தீராது. மேலே இருக்கிற இரண்டு வரியையும் ஆங்கிலத்தில் மாற்றிப் படியுங்கள், குழப்பம் அப்படியே இருக்கும்.

நிரல்தச்சன்
டோக்கன் (மாடல் உரையை வெட்டிப் படிக்கும் துண்டு) கணக்குத் தெரியாமல் பேசக் கூடாது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆங்கில எழுத்து 1 பைட். டோக்கனைசரும் தமிழைத் துண்டு துண்டாகத்தான் வெட்டும். டூல் விளக்கம் ஒவ்வொரு கோரிக்கையோடும் போகிறது, டோக்கன் கூடினால் செலவும் கூடும்.

வெண்கலம்
விளக்கம் மாறாமல் இருந்தால், மாறாத பகுதியைச் சேமித்து வைத்து மறுபடி பயன்படுத்தும் பிராம்ப்ட் கேஷிங் அந்தச் செலவைப் பெரிதும் குறைத்துவிடும். என் குழுவில் டூல் விளக்கத்தைத் திருத்துகிறவர்கள் நிரலாளர்கள் இல்லை, வாடிக்கையாளரோடு தினமும் பேசுகிறவர்கள். அவர்களுக்குத் தமிழில் இருந்தால்தான் "இது தப்பு, நாங்கள் இப்படிச் சொல்வதில்லை" என்று தோன்றும். அந்தத் திருத்தம் டோக்கனைவிட எனக்கு முக்கியம்.

நிரல்தச்சன்
எட்டு டூலுக்குச் சரி. எண்பதாகும்போது வாருங்கள், பேசுவோம்.

கீற்று
எண்பது டூலை ஒரே நேரத்தில் கொடுத்தால் எந்த மொழியில் எழுதினாலும் மாடல் திணறும். இதற்குத் தனி இழை போடலாமே.

தறி_7
மாற்றிவிட்டேன். ஃபோன் எண் கொடுத்தால் இப்போது ஃபைண்ட்_ஆர்டருக்குப் போகிறது. மிக்க நன்றி உளிச்சத்தம். ஆனால் "நாளை மறுநாள் வேண்டும்" என்றால் டெலிவரி டூலுக்குப் போன வருடத்துத் தேதி போகிறது. அந்த டூல் விளக்கத்திலும் ஏதாவது எழுத வேண்டுமா?

உளிச்சத்தம்
இன்றைய தேதியைச் சிஸ்டம் பிராம்ப்ட்டில் கொடுத்திருக்கிறீர்களா? நீங்கள் சொல்லாமல் அதற்குத் தெரியாது. விளக்கத்தில் தேதியின் வடிவத்தை மட்டும் எழுதுங்கள்: வருடம், மாதம், நாள், நடுவில் சிறுகோடு.

கீற்று
தறி, தேதிப் பிரச்சினை சரியாகிவிட்டதா? கடைசிவரை எந்த மாடல் என்றும் நீங்கள் சொல்லவே இல்லை.