கேப் டவுனில் ஒரு பருவமா, காத்மாண்டில் ஆறு வாரமா? மானிடவியல் மாணவியின் கேள்வி

கேள்வி: ஸ்காபரோ மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் டொராண்டோவில் சமூகவியலை முதன்மைப் பாடமாகவும் மானிடவியலைத் துணைப் பாடமாகவும் படிக்கிறேன். இரண்டாம் ஆண்டு இப்போது முடிகிறது. இறுதி ஆண்டில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும் என்பதால், அதற்கு முன் ஒரு முறையாவது வெளிநாட்டில் மக்களோடு இருந்து, அவர்களுடைய வேலையில் பங்கெடுத்துக் கற்க விரும்புகிறேன்.

என் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஜூலை முதல் நவம்பர் வரையிலான ஒரு பருவம். வகுப்புகளோடு, வாரத்தில் இரண்டு நாள் லாங்கா டவுன்ஷிப்பில் (கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த புறநகர்க் குடியிருப்பு அது) இயங்கும் ஒரு சிறு அமைப்பில் பணியாற்ற வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு. சேவைவழிக் கற்றல் என்று அதை அழைக்கிறார்கள். மற்றது, ஒரு முகவர் நிறுவனம் நடத்தும் ஆறு வார இன்டர்ன்ஷிப். காத்மாண்டில் ஒரு சிறுவர் இல்லத்தில் தங்கி ஆங்கிலம் கற்பிக்க வேண்டும். கட்டணத்தை நான்தான் செலுத்த வேண்டும். முடிவில் சான்றிதழ் தருவார்கள். இரண்டாவதற்குச் செலவு குறைவு, கோடை விடுமுறைக்குள் முடிந்தும் விடும். கேப் டவுன் என்ற பெயரைக் கேட்டாலே அம்மா அஞ்சுகிறார்.

ஆனால் என் தயக்கம் பணத்தைப் பற்றியதோ பாதுகாப்பைப் பற்றியதோ அன்று. என் பெரியம்மா வன்னியில் இருக்கிறார். 2009-க்குப் பின் தன் வீட்டுத் திண்ணைக்கு வந்த பல ஆய்வாளர்களுக்குத் தன் கதையைச் சொன்னவர் அவர். அவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து, தாங்கள் எழுதியது இன்னதென்று அவருக்குச் சொன்னதில்லை. மொழி தெரியாத ஓர் ஊரில் சில மாதங்கள் இருந்துவிட்டு, நானும் அதையே செய்துவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். தொண்டு செய்யும் இடத்தில் காதில் விழுவதை ஆய்வேட்டில் பயன்படுத்தலாமா? இவ்வழிகளில் சென்று வந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: மேசைமலை

தங்கைக்கு வணக்கம். நான்கு ஆண்டுகளுக்கு முன் கேப் டவுனில் இதே போன்ற ஒரு பருவத்தை முடித்தவள் நான். என் பணியிடமும் லாங்காவில்தான் இருந்தது.

போவதற்கு முன் அந்த ஊரின் வரலாற்றை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். 1901-இல் பிளேக் நோயைக் காரணம் காட்டிக் கறுப்பின மக்களை நகரிலிருந்து ன்டபேனி என்ற இடத்துக்கு வெளியேற்றினார்கள். பிறகு அங்கிருந்தும் அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்கென 1927-இல் உருவாக்கப்பட்டதுதான் லாங்கா. கறுப்பின மக்கள் நாட்டுக்குள் நடமாடவே அனுமதிச்சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற ‘பாஸ்’ சட்டங்களை எதிர்த்து 1960 மார்ச் 30 அன்று நகரை நோக்கி நடந்த பெரும் ஊர்வலமும் அங்கிருந்தே புறப்பட்டது. இவ்வளவு நடந்த ஒரு மண்ணில், இருபது வயதில் நாம் போய் எதையோ கற்பிக்கப்போகிறோம் என்ற எண்ணத்தை விமானம் ஏறுமுன்பே இறக்கி வைத்துவிடுவது நல்லது.

நான் அப்படி இறக்கி வைக்காமல்தான் போனேன். பள்ளி நேரத்துக்குப் பின் பிள்ளைகளுக்கு உணவும் பாடமும் தரும் ஓர் இடம் அது. ஆங்கிலப் பாடத்துக்கு முப்பது அட்டைகள் செய்து எடுத்துச் சென்றிருந்தேன். அதை நடத்திய அம்மா அவற்றை அன்போடு வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, எனக்கு இரண்டு பதிவேடுகளைக் கொடுத்தார்: ஒன்று பிள்ளைகளின் வருகைப் பதிவேடு, மற்றது சமையலறை இருப்புக் கணக்கு. நன்கொடையாளருக்கு அனுப்புவதற்காக அவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டும். அதற்குத்தான் அவருக்கு ஆள் தேவைப்பட்டது. முதல் மூன்று வாரம் எனக்கு மனக்குறையாகவே இருந்தது. நான்காவது வாரத்தில்தான் அந்தப் பதிவேடுகள் பேசத் தொடங்கின. அரசு தரும் குழந்தை ஆதரவு உதவித்தொகை கைக்கு வரும் மாதத் தொடக்கத்தில் உணவு வரிசை குறைவதையும், மாத இறுதியில் அதே வரிசை வாசலைத் தாண்டி நீள்வதையும், எந்த நேர்காணலும் இல்லாமல், மாவும் பருப்பும் செலவான கணக்கிலேயே பார்த்தேன்.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் பல பிள்ளைகள் வரவில்லை. அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிரும் மழையும் சேர்ந்து வரும். கேப் பிளாட்ஸ் என்னும் அந்த மணற்சமவெளியில் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் தகரக் குடிசைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். ஆகவே வெள்ளத்தால்தான் பிள்ளைகள் வரவில்லை என்று எழுதி அந்த அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் பெயர்ப் பட்டியலை விரலால் தொட்டுக்கொண்டே போய், அவர்களில் மூன்று பேர் இறுதிச் சடங்குக்காகக் குடும்பத்தோடு கிழக்குக் கேப் மாகாணத்துக்குப் போயிருந்தார்கள் என்றார். லாங்காவில் வாழும் எத்தனையோ குடும்பங்களுக்கு ‘வீடு’ என்பது இன்றும் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்தக் கிராமம்தான் என்பதை, சந்தைக்கு வழி சொல்வது போல் அவர் எனக்குச் சொல்லித் தந்தார். என் கட்டுரையில் உருப்படியாக இருந்த ஒரே பத்தி அவருடைய அந்தத் திருத்தத்திலிருந்து பிறந்தது.

உங்கள் அம்மாவின் அச்சம் வீணானதன்று. இருட்டிய பின் தனியாக நடக்கக்கூடாது. மினிபஸ் டாக்சியில் முதல் சில முறை அமைப்பைச் சேர்ந்த ஒருவரோடுதான் போக வேண்டும். தெருவில் கைபேசியை எடுக்கக்கூடாது. இவற்றைக் கடைப்பிடித்தேன், எனக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை.

மறுமொழி 2: இமயச்சாரல்

நேபாளத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தயவுசெய்து அந்த இல்லத்துக்குப் போகாதீர்கள்.

நான் கல்லூரி நாளில் அப்படி ஓர் இல்லத்தில் ஐந்து வாரம் இருந்தேன். பிள்ளைகள் முதல் நாளிலேயே ஓடி வந்து மடியில் ஏறிக்கொண்டார்கள். அதை அன்பென்று எண்ணி மகிழ்ந்தேன். வாரத்துக்கொரு புதிய முகம் வந்து போகும் இடத்தில் வளரும் பிள்ளைகள், அறியாதவர்களிடம் அவ்வாறு ஒட்டிக்கொள்வது கவலைக்குரிய அறிகுறி என்பதைப் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். அங்கிருந்தவர்களில் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா போன்ற மலை மாவட்டங்களில் பெற்றோரிடம் நல்ல படிப்புத் தருவதாகச் சொல்லிப் பணமும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைத் தலைநகருக்கு அழைத்துச் சென்ற தரகர்கள் இருந்தார்கள். போர் முடிந்த பின்னும் அந்தத் தொழில் முடியவில்லை. வெளிநாட்டவர் அதிகம் வரும் மாவட்டங்களிலேயே இல்லங்களும் அதிகமாக இருப்பது தற்செயல் அன்று. கட்டணம் செலுத்தும் தன்னார்வலர் இருக்கும் வரை பிள்ளைகளும் ‘தேவைப்படுவார்கள்’. இதைக் கருதித்தான் ஆஸ்திரேலியா தன் 2018-ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டத்தை இயற்றியபோது, இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதையும் அடிமைமுறையின் ஒரு வடிவமாக ஏற்றுக்கொண்டது. தவிரவும், சுற்றுலா விசாவில் தன்னார்வப் பணி செய்ய நேபாளச் சட்டம் இடம் தருவதில்லை. முகவர்கள் இதை வாய்திறந்து சொல்ல மாட்டார்கள்.

நேபாளம் செல்ல விரும்பினால் மொழி கற்கச் செல்லுங்கள். பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

மறுமொழி 3: களக்குறிப்பு

நான் பல ஆண்டுகளாக மானிடவியல் கற்பித்து வருகிறேன். தொண்டு செய்யும் இடத்தில் கேட்டதை ஆய்வேட்டில் பயன்படுத்தலாமா என்ற உங்கள் கேள்விக்கு மட்டும் விடை தருகிறேன், ஏனென்றால் மாணவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் அதுதான்.

ஒருவர் உங்களைத் தொண்டராக நம்பிச் சொன்னதை, அவருடைய இசைவின்றி நீங்கள் ஆய்வாளராக எடுத்துக்கொள்ள முடியாது. கனடாவில் மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுகள், சில விதிவிலக்குகள் தவிர, வகுப்புப் பாடத்துக்காகச் செய்யப்படுபவையும்கூட, ஆய்வு அறநெறிக் குழுவின் பார்வைக்குப் போக வேண்டும். ஆகவே புறப்படுமுன்பே உங்கள் நெறியாளரிடம் பேசி விண்ணப்பியுங்கள். திரும்பி வந்த பின் அனுமதி கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. அங்கே இரண்டு குறிப்பேடுகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பணியும் உங்கள் மனநிலையும். மற்றதில், இசைவு பெற்றுக் கேட்டவை மட்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு எதுவும் தாவக்கூடாது. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்பது பலருடைய எண்ணம். ஒரு தெருவில் ஒரே ஒரு சமையற்கூடம் இருந்தால், பெயர் மாறினாலும் ஆளை யாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

லாங்காவுக்குப் போவதால் இதையும் அறிந்துகொள்ளுங்கள். 1960-களின் தொடக்கத்தில் அங்கே களப்பணி செய்தவர் ஆர்ச்சி மஃபேஜே. கிழக்குக் கேப் மாகாணத்தில் பிறந்து, லாங்கா மக்களின் மொழியான கோசாவைப் பேசி வளர்ந்த கறுப்பின இளைஞர். அவர் சேகரித்தவற்றைக் கொண்டு பேராசிரியர் மோனிகா வில்சனும் அவரும் இணைந்து எழுதிய லாங்கா ஆய்வு 1963-இல் வெளிவந்தது. 1968-இல் கேப் டவுன் பல்கலைக்கழகம் அவருக்குச் சமூக மானிடவியலில் மூத்த விரிவுரையாளர் பதவியை அளித்து, நிறவெறி அரசின் அழுத்தத்துக்குப் பணிந்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் நாள்கணக்கில் அமர்ந்து போராடியும் பயனில்லை. அவருடைய பணிவாழ்வின் பெரும்பகுதி தார் எஸ் சலாம், ஹேக், கெய்ரோ என்று வெளியிலேயே கழிந்தது. அந்த மக்களின் மொழியை அறிந்தவருக்கு இடம் மறுத்த துறை நம்முடையது. மொழி அறியாத மாணவர்களை அதே தெருக்களுக்கு அனுப்பி மதிப்பெண் தருவதும் நம் துறைதான். நீங்கள் போகக்கூடாது என்று இதனால் சொல்லவில்லை. போகும்போது கோசா மொழி வகுப்பை விருப்பப் பாடமாக அன்றி முதல் பாடமாகப் பதிவு செய்யுங்கள் என்கிறேன்.

உங்கள் பெரியம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தென்னாப்பிரிக்காவின் பழங்குடிகளான சான் மக்களும் ஆய்வாளர்களிடம் அதே அனுபவத்தைப் பல தலைமுறைகளாகப் பெற்றவர்கள்தான். 2017-இல் அவர்கள் தங்களுக்கென ஓர் ஆய்வு அறநெறி விதித்தொகுப்பை வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை ஆகியவற்றோடு, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதையும் முடிவுகளைத் தங்களிடம் திரும்பக் கொண்டுவருவதையும் அதில் கேட்கிறார்கள். சில பக்கங்களே உள்ள அதை அறநெறிக் குழு விண்ணப்பத்தை எழுதுமுன் படியுங்கள்.

ஸ்காபரோ மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. நேபாள முகவருக்கு வேண்டாமென்று நேற்றே எழுதிவிட்டேன். கோசா மொழி வகுப்புக்கு இடமுண்டா என்று கேட்டிருக்கிறேன். என் நெறியாளரும், ஆய்வேட்டுத் தலைப்பை இப்போதே முடிவு செய்ய வேண்டாம், அந்த அமைப்புக்கு எந்தக் கேள்விக்கு விடை தேவை என்று கேட்டு வந்த பின் பேசலாம் என்கிறார்.

பெரியம்மாவிடமும் தொலைபேசியில் கேட்டேன்: “வந்தவர்கள் உங்களுக்கு என்ன செய்திருக்க வேண்டும்?” புத்தகமோ பணமோ கேட்பார் என்று நினைத்தேன். “வீட்டுக்கு முன்னால் நிற்கவைத்து என்னைப் படம் எடுத்தார்கள். அதையாவது அனுப்பியிருக்கலாம், அந்தப் பழைய வீடு இப்போது இல்லை” என்றார்.

மேசைமலை

படங்களை எடுக்குமுன் கேளுங்கள், எடுத்தால் அங்கேயே கடையில் அச்சிட்டு, புறப்படும் வாரத்துக்கு முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் தேர்வும் வழியனுப்பும் சேர்ந்து நேரமே இராது. ஒருவருக்கு ‘மோலோ’, பலருக்கு ‘மோல்வேனி’ என்று வணக்கம் சொல்ல வேண்டும். மூத்த பெண்களை ‘மாமா’ என்றும் மூத்த ஆண்களை ‘டாடா’ என்றும் அழைக்க வேண்டும். பெயர் சொல்லி அழைத்தால், நம் ஊரில் பெரியம்மாவைப் பெயர் சொல்லி அழைத்தது போல் ஆகிவிடும். மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதால் படிப்பு விசா வேண்டும். ஆவணங்களை மார்ச்சிலேயே திரட்டத் தொடங்குங்கள். ஜூலையில் இறங்கும்போது மழை இருக்கும், வீடுகளில் வெப்பமூட்டி இராது. கனடாவிலிருந்து வருகிறோம், குளிர் பழகியதுதானே என்று எண்ணாமல் தடித்த காலுறைகளும் மழைச்சட்டையும் எடுத்து வாருங்கள்.