பாட்டியின் தாத்தா பிரிட்டிஷ் சிப்பாய்: ராணுவப் பதிவு எங்குமே கிடைக்கவில்லை, உதவுங்கள்

பெரம்பூர்ப் பேத்தி

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவைப் பெற்ற பாட்டி ஆங்கிலோ இந்தியர், பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். தன் தாத்தா அயர்லாந்துக்காரர், "டப்ளின் ஃப்யூசிலியர்ஸ்" படையில் சிப்பாயாக இருந்தவர் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதரைப் பற்றிய ராணுவப் பதிவைத்தான் இரண்டு வருடமாகத் தேடுகிறேன்.

கையில் இரண்டு பொருள்தான். ஒன்று, பாட்டியின் அப்பாவுடைய ஞானஸ்நானச் சான்றின் நகல். 1871-ம் ஆண்டு. அதில் தகப்பனார் தொழில் "கார்டு, மெட்ராஸ் ரயில்வே" என்று இருக்கிறது. இன்னொன்று ஒரு வெள்ளிப் பதக்கம். முன்பக்கம் விக்டோரியா ராணி, பின்பக்கம் சிங்கத்தோடு ஒரு பெண், மேலே "இந்தியா", கீழே 1857–1858.

செய்து பார்த்தவை: பணம் கட்டும் ஒரு தளத்தில் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் என்று போட்டு, குடும்பப் பெயரோடு தேடினேன். ஏழு பேர் வந்தார்கள். எல்லோரும் தென்னாப்பிரிக்கப் போயர் போரிலோ 1914 போரிலோ இருந்தவர்கள். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 97 (போர்த்துறையின் பழைய சிப்பாய் ஆவணங்கள்) வரிசையிலும் பார்த்தேன், ஒன்றும் இல்லை. தெரிந்தவர் ஒருவர், "1940-ல் லண்டனில் குண்டு விழுந்து எல்லாம் எரிந்துவிட்டது, விட்டுவிடுங்கள்" என்றார். நிஜமாகவே விட்டுவிட வேண்டியதுதானா? அம்மாவுக்கு இப்போது 83 வயது. அவர் இருக்கும்போதே, அந்த மனிதர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்றாவது சொல்லிவிட வேண்டும்.

பழைய பதிவேடு

விட வேண்டாம் அம்மா. எரிந்தது வேறு. 1940 செப்டம்பரில் லண்டன் வால்வர்த் பகுதியில் இருந்த போர்த்துறைக் கிடங்கில் குண்டு விழுந்தது உண்மை. அதில் போனவை முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் கோப்புகள், சுமார் 60 சதவீதம். உங்களவர் 1871-லேயே ரயில்வேக்குப் போய்விட்டார். அந்தத் தீக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை.

டபிள்யூ.ஓ. 97-ல் இல்லாததற்கும் காரணம் இருக்கலாம். 1883-க்கு முன்னால் அந்த வரிசையில் பெரும்பாலும் பென்ஷன் வாங்கியவர்கள்தான் இருப்பார்கள். பணியில் இருக்கும்போதே இறந்தவர், ஓடிப்போனவர், பென்ஷன் இல்லாமல் விலகியவர் யாரும் அதில் கிடைக்க மாட்டார்கள். முழு பென்ஷனுக்கு 21 வருடச் சேவை வேண்டும். 1871-க்கு முன்பே விலகிய ஒருவருக்கு அவ்வளவு சேவை இருக்க வாய்ப்பு குறைவு.

ஒரு கேள்வி. பதக்கத்தின் விளிம்பைப் பார்த்தீர்களா? முகத்தை அல்ல, நாணயத்துக்கு ஓரம் இருக்குமே, அந்த ஓரத்தை. பெயரும் படைப்பிரிவும் அங்கேதான் பொறித்திருப்பார்கள். இருட்டான அறையில் போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பாலிஷ் எதுவும் போட வேண்டாம்.

பெரம்பூர்ப் பேத்தி

ஐயா, கை நடுங்குகிறது. இத்தனை வருடம் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது! கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் பல்பொடி போட்டுத் தேய்த்ததில் பாதி எழுத்து மழுங்கிவிட்டது. முதல் எழுத்தும் குடும்பப் பெயரும் தெரிகின்றன. அதற்கு அப்புறம் "1ஸ்ட் மெட்ராஸ் ஃப்…" வரை படிக்க முடிகிறது. மேலே ரிப்பன் மாட்டும் இடத்தில் ஒரு பட்டை, அதில் "டிஃபென்ஸ் ஆஃப் லக்னோ".

ஆனால் மெட்ராஸ் என்றால் நம்ம ஊர்ச் சிப்பாய்களின் படை இல்லையா? அப்படியானால் டப்ளின்?

பழைய பதிவேடு

முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பாட்டி சொன்னதும் சரி, பதக்கம் சொல்வதும் சரி. இரண்டும் ஒரே படைதான்.

"1ஸ்ட் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ்" என்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் சொந்த ஐரோப்பியப் படை. இந்தியச் சிப்பாய்கள் அதில் கிடையாது. கம்பெனி தன் பணத்தில் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் ஆள் எடுத்து, எஸ்ஸெக்ஸில் வார்லி என்ற இடத்தில் இருந்த டெப்போவில் வைத்துக் கப்பலேற்றும். 1857 கலகத்துக்குப் பிறகு கம்பெனி ஆட்சி போய் ராணியின் ஆட்சி வந்தபோது, அந்தப் படையையும் அரச ராணுவத்தில் சேர்த்தார்கள். 1862-ல் அதற்குப் புதுப் பெயர், 102-ம் ரெஜிமென்ட், ராயல் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ். 1881 சீர்திருத்தத்தில் அதுவே ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. பாட்டிக்கு அவர் அப்பா சொல்லும்போது அந்தப் பெயர்தான் வழக்கில் இருந்திருக்கும். உங்களவர் பணியில் இருந்தவரை டப்ளின் என்ற பெயரே அந்தப் படைக்கு இல்லை. நீங்கள் முப்பது வருடம் தள்ளித் தேடியிருக்கிறீர்கள்.

ஆகவே, 1861 வரைக்கும் உள்ள பதிவுகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கும். எல்/மில்/11 வரிசை மதராஸ் படைக்குரியது. ஐரோப்பியச் சிப்பாய்களின் பெயர்ப்பட்டியல்களை அதில் பாருங்கள். 1862-க்குப் பிறகு, லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 12 என்ற வரிசையில் 102-ம் ரெஜிமென்ட்டின் ஆஜர்ப் பட்டியல்கள். அவற்றில் ஒருவர் விலகிய அல்லது இறந்த காலாண்டுப் பக்கம்தான் பொக்கிஷம். பிறந்த ஊர், பழைய தொழில், சேர்ந்த தேதி மூன்றும் அங்கே இருக்கும்.

கோலார்க்காரன்

அக்கா, லண்டன் போவதற்கு முன்னால் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. மதராஸ் மாகாணத்துச் சர்ச்சுகள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் நகல் எழுதி லண்டனுக்கு அனுப்பின. அதுதான் என்/2 வரிசை. ஃபேமிலிசர்ச் என்ற இணையதளத்தில் அட்டவணை இலவசம். ஃபிபிஸ் என்ற, பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் வரலாற்றைத் தேடும் சங்கத்தின் தரவுத்தளத்திலும் தேடலாம். பக்கத்தின் படம் வேண்டுமானால் ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற தளம்.

இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள். மதராஸ் என்றால் சென்னை மட்டும் என்று நினைத்துத் தேடாதீர்கள். பெங்களூர் கன்டோன்மென்ட், செகந்திராபாத், நாக்பூர் பக்கத்துக் காம்ப்டி எல்லாம் மதராஸ் படையின் இடங்கள். என் கொள்ளுத்தாத்தாவைப் பரங்கிமலையில் ஆறு மாதம் தேடினேன், அவர் கல்யாணம் காம்ப்டியில் நடந்திருந்தது. அடுத்தது பெயரின் எழுத்து. சிப்பாய்க்கு எழுதத் தெரியாது, எழுதுபவர் காதில் விழுந்ததை எழுதுவார். அயர்லாந்துப் பெயரில் முன்னால் வரும் "ஓ" சில இடத்தில் இருக்கும், சில இடத்தில் இருக்காது. குடும்பப் பெயரை விட்டுவிட்டு, மனைவி பெயரையும் வருடத்தையும் மட்டும் போட்டுப் பாருங்கள்.

கத்தோலிக்கராக இருந்தால் அந்தச் சர்ச்சுகளின் நகல்கள் முழுமையாகப் போய்ச் சேரவில்லை. அப்போது உள்ளூர்ப் பங்கில் (சர்ச் வட்டாரத்தில்) மூலப் பதிவேட்டைத்தான் கேட்க வேண்டும்.

எழும்பூர்வாசி

இதை எழுதலாமா என்று யோசித்தேன். தெரியாமல் போய் நிற்பதைவிடத் தெரிந்து தேடுவது நல்லது என்பதால் எழுதுகிறேன்.

1857-ல் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸை வடக்கே கூட்டிப் போனவர் கர்னல் நீல். சென்னையிலிருந்து கப்பலில் கல்கத்தா, அங்கிருந்து பெனாரஸ், அலகாபாத். அந்த வழியில் அவர் உத்தரவில் நடந்தவை நம் சரித்திரத்திலேயே மிகக் கொடியவற்றில் சேரும். கிராமங்களைக் கொளுத்தினார்கள், விசாரணை இல்லாமல் மரங்களில் தூக்கில் போட்டார்கள். கான்பூரில், தூக்கில் போடுவதற்கு முன்னால் கைதிகளை, பிரிட்டிஷ் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட வீட்டின் ரத்தம் படிந்த தரையைச் சுத்தம் செய்ய வைத்தார். செப்டம்பர் 25 அன்று லக்னோவுக்குள் நுழையும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். "டிஃபென்ஸ் ஆஃப் லக்னோ" பட்டை, முற்றுகையில் உள்ளே இருந்தவர்களுக்கும், அன்று தளபதிகள் ஹாவ்லக்கோடும் அவுட்ராமோடும் உள்ளே போய்ச் சேர்ந்தவர்களுக்கும் கொடுத்தது. மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் இரண்டாவது கூட்டம்.

அந்த நீலுக்குத்தான் மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. 1927-ல் அதை எடுக்கச் சொல்லிச் சத்தியாகிரகம் நடத்திப் பலர் சிறை போனார்கள். 1937-ல், ராஜாஜி ஆட்சியில் எடுத்தார்கள். இப்போது எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. உங்கள் தாத்தா தனியாக என்ன செய்தார் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது. ஆனால் எந்தப் படையில் நடந்தார் என்பது அந்த விளிம்பில் இருக்கிறது.

பெரம்பூர்ப் பேத்தி

ஐயா, எழுதியதற்கு நன்றி, மனதாரச் சொல்கிறேன். அம்மாவிடம் நேற்று ராத்திரி படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நல்லவராக இருந்தாரா என்று நான் கேட்கவில்லை, யாராக இருந்தார் என்றுதானே கேட்டேன். தேடு" என்றார். பதக்கத்தைக் கிறிஸ்துமஸுக்கு மேஜையில் வைப்பது வழக்கம். இனி வைக்க வேண்டாம், பெட்டியிலேயே இருக்கட்டும் என்றும் சொன்னார்.

கோவை ரீடர்

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் மனைவியின் தாத்தா 1915-ல் இங்கிலாந்திலிருந்து பட்டாளத்தோடு வெலிங்டன் வந்தவர், 1920-ல் இங்கேயே தங்கிவிட்டார். அவருக்கு எங்கே தேடுவது?

பழைய பதிவேடு

அவருக்குத்தான் சார் அந்த எரிந்த கிடங்கு பொருந்தும். தப்பியவை டபிள்யூ.ஓ. 363, பென்ஷன் துறையிலிருந்து மீட்டவை டபிள்யூ.ஓ. 364. இரண்டிலும் இல்லையென்றால் டபிள்யூ.ஓ. 372-ல் பதக்க அட்டை. இந்தியாவில் மட்டுமே இருந்தவர் என்றால் பிரிட்டிஷ் வார் மெடல் மட்டும் இருக்கும், விக்டரி மெடல் இருக்காது. ஒரு பதக்கம்தானே என்று சந்தேகப்பட வேண்டாம். 1920-க்கு முன்னால் ஒவ்வொரு படைப்பிரிவும் தன் இஷ்டத்துக்கு எண் கொடுத்தது. அதனால் எண்ணை மட்டும் வைத்துத் தேடாமல் படைப்பிரிவையும் சேர்த்தே தேடுங்கள்.

லண்டன் தம்பி

பேத்தி அக்கா, வணக்கம். நான் கியூ காப்பகத்திலிருந்து ரயிலில் இருபது நிமிடத்தில் இருக்கிறேன். வாசகர் அட்டை இருக்கிறது, போனில் படம் எடுக்க அங்கே கட்டணம் கிடையாது. பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இங்கே போட வேண்டாம். திருமண வருடம் தெரிந்தால் தேடுவது சுலபம்.

பெரம்பூர்ப் பேத்தி

கிடைத்துவிட்டது! கோலார்த் தம்பி சொன்னதுபோல் குடும்பப் பெயரை விட்டுவிட்டுத் தேடினேன். 1864, செகந்திராபாத் பக்கத்துத் திரிமல்கெரி. மாப்பிள்ளை பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது. "பிரைவேட், 102-ம் ரெஜிமென்ட்", அதாவது சாதாரணச் சிப்பாய். வயது, அவருடைய அப்பா பெயர், எல்லாம் வரிசையாக இருக்கிறது. கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்.

மணப்பெண் பக்கத்தில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று மட்டும். குடும்பப் பெயர் இல்லை. வயது 16. அப்பா பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தெலுங்கா தமிழா, எந்த வீட்டுப் பெண், எதுவும் இல்லை.

லண்டன் தம்பி

அக்கா, சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டேன். 1864-லிருந்து ஒவ்வொரு காலாண்டாகப் புரட்டினேன். 1867-ல் விலகியிருக்கிறார், பென்ஷன் இல்லை. பழைய பதிவேடு ஐயா சொன்ன அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. பிறந்தது அயர்லாந்தின் கார்க் மாவட்டம், ஒரு சின்னப் பங்கு. பெயரைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். தொழில்: கூலி. சேர்ந்தது 1854. பஞ்சம் முடிந்து இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருக்கும். ஊர் காலியாகிக்கொண்டிருந்த நேரம்.

மனைவிக்கும் இங்கே ஏதாவது கிடைக்கும் என்று பார்த்தேன். ஆஜர்ப் பட்டியலோடு திருமணப் பட்டியல் சேர்வது 1860-களின் கடைசியில்தான். அவர் அதற்குள் விலகிவிட்டார்.

கோலார்க்காரன்

அக்கா, கார்க் பக்கம் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் அயர்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. 1922-ல் டப்ளினில் ஆவணக் காப்பகம் எரிந்தபோதும் இவை தப்பின, காரணம் அவை அந்தந்தப் பங்கிலேயே இருந்தன. லத்தீனில் இருக்கும், பயப்பட வேண்டாம், பெயர்கள் மட்டும்தான்.

அந்தப் பாட்டிக்கு ஒரு வழி சொல்கிறேன். அவள் கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் வாங்கியிருந்தால், வளர்ந்தவர்களுக்கான ஞானஸ்நானம் என்று தனியாகக் குறித்திருப்பார்கள். சில பாதிரியார்கள் அங்கே பழைய பெயரையும் எழுதி வைத்தார்கள். அதே சர்ச், 1863, 1864. லண்டனுக்குப் போன நகலில் அதை விட்டிருக்கலாம், மூலப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

பெரம்பூர்ப் பேத்தி

திரிமல்கெரிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், அடுத்த மாதம் 9-ம் தேதி. அந்தச் சர்ச் அலுவலகத்துக்குக் கடிதமும் எழுதியாயிற்று. கார்க் பங்கின் பெயரை அம்மா ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டார், பைபிளுக்குள் வைத்திருக்கிறார். போய்விட்டு வந்து இங்கேயே எழுதுகிறேன்.