பவர் ஆம்ப்ளிஃபயர்: தயாரான நாட்டுக்காகக் கூடுதல் விலை தரலாமா?

கேள்வி:
வணக்கம். ஏழு சேனல் ஹோம் தியேட்டருக்குத் தனியாக ஒரு பவர் ஆம்ப்ளிஃபயர் (ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கி ஸ்பீக்கர்களை இயக்கும் கருவி) வாங்க எண்ணியிருக்கிறேன். என் ஸ்பீக்கர்கள் 4 ஓம் வகை (8 ஓம் ஸ்பீக்கர்களைவிட அதிக மின்னோட்டத்தை இழுப்பவை). சண்டைக் காட்சியில் ஒலியைக் கூட்டினால் இப்போதுள்ள ஏவி ரிசீவர் (எல்லா ஸ்பீக்கர்களையும் இயக்கும் ஹோம் தியேட்டர் பெட்டி) சூடேறித் தானாகவே அணைந்துவிடுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் தயாராகும் ஆம்ப்ளிஃபயர்களின் விலை, அதே வாட் எண் போட்ட சீனத் தயாரிப்புகளின் விலையைவிடப் பல மடங்கு இருக்கிறது. அந்தக் கூடுதல் பணம் எதற்குப் போகிறது?

பதில் 1:
முதலில் அந்த வாட் எண்கள் உண்மையிலேயே ஒன்றுதானா என்று பாருங்கள். 1 கிலோஹெர்ட்ஸில் ஒரு சேனலை மட்டும் இயக்கி அளந்த 200 வாட்டும், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஏழு சேனலையும் சேர்த்து இயக்கி அளந்த 200 வாட்டும் ஒன்றல்ல. 4 ஓமில் எவ்வளவு தருகிறது என்பதையும் தனியே தேடிப் படியுங்கள். 100 வாட் 200 ஆனாலும் ஒலி 3 டெசிபல்தான் (காதுக்குக் கொஞ்சம் மட்டுமே) கூடும் என்பதால், பெரிய எண்ணுக்காக மட்டும் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

பதில் 2:
நாட்டின் பெயரை வைத்துத் தரத்தை முடிவுசெய்வது கடினம். ரோட்டல் ஜப்பானியக் குடும்ப நிறுவனம். அதன் தொழிற்சாலை இருப்பதோ சீனாவின் ஜுஹாயில். சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த பாராசவுண்டின் ஹேலோ ஏ 21 ஆம்ப்ளிஃபயர், பொறியாளர் ஜான் கர்ல் வடிவமைத்துத் தைவானில் தயாரானது. கிளாஸ் டி வகையில் (மின்சாரத்தை அதிவேகமாக விட்டுவிட்டுச் செலுத்தி, குறைவாகச் சூடாகும் வகை) வெவ்வேறு பெயர்ப்பலகைகளுக்குப் பின்னால், நெதர்லாந்தின் ஹைபெக்ஸ் நிறுவனம் வடிவமைத்த, ஒலியைப் பெருக்கும் மாட்யூலே இருப்பதைப் பலமுறை காணலாம். 'அமெரிக்காவில் தயாரானது' என்று எந்த நிபந்தனையும் இன்றிச் சொல்ல, ஏறக்குறைய எல்லாப் பாகங்களும் வேலையும் அங்கேயே நடந்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு வர்த்தக ஆணையத்தின் விதி. 'அங்கே பொருத்தப்பட்டது' என்றால் பொருள் வேறு.

பதில் 3:
நான் பழுதுநீக்கும் வேலையில் இருப்பதால் அந்தக் கோணத்தில் சொல்கிறேன். சென்ற மாதம் ஒரு ஏழு சேனல் ஆம்ப்ளிஃபயரைத் திறந்தபோது, வெப்பத்தகட்டை ஒட்டி நின்ற இரண்டு மின்தேக்கிகள் தலை உப்பியிருந்தன. ஒவ்வொரு சேனலுக்கும் தனி மின்சுற்றுப் பலகை இருந்ததால், பழுதான ஒன்றை மட்டும் கழற்றி அன்றே சரிசெய்துவிட்டேன். அதே வாரம் வந்த இன்னொன்றில் எல்லாம் ஒரே பலகை. பலகையை இனித் தயாரிப்பதில்லை என்று நிறுவனம் கைவிரித்துவிட்டது. முப்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டியைக் கடல்கடந்து திருப்பியனுப்பும் செலவையும் கணக்கில் சேருங்கள். கனடாவின் பீட்டர்பரோவில் தயாரிக்கும் பிரைஸ்டன், தன் அனலாக் ஆம்ப்ளிஃபயர்களுக்கு 20 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. கூடுதல் விலை அங்கே நியாயமாகிறது. உத்தரவாதம் ஓரிரு ஆண்டோடு நின்றால், எந்த நாட்டில் தயாரானதாயினும் நான் கூடுதலாகத் தரமாட்டேன்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. என் ரிசீவரில் ப்ரீ-அவுட் (வெளி ஆம்ப்ளிஃபயருக்கு ஒலிச் சமிக்ஞையை அனுப்பும் இணைப்பு) இருப்பதைப் பார்த்துவிட்டேன். முன்பக்க மூன்று ஸ்பீக்கர்களுக்கு மட்டும் தனிப் பலகைகள் கொண்ட மூன்று சேனல் ஆம்ப்ளிஃபயரை வாங்கி, மீதி நான்கையும் ரிசீவரிடமே விடப்போகிறேன். உதிரிப் பலகைகள் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று நிறுவனத்துக்கு இன்றே எழுதிக் கேட்கிறேன்.