மாற்றிதயமும் குருதிக் கனஅளவும்: ‘டினர்வேஷன்’ என்பதற்கான சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஓர் உறுப்பு தன் நரம்புத் தொடர்பை இழப்பதே ‘டினர்வேஷன்’; கொடையாளியிடமிருந்து எடுத்துப் பொருத்தப்பட்ட இதயத்தில் (மாற்றிதயம்) இது நேர்கிறது. இதற்கு ‘நரம்பறுப்பு’ என்ற சொல் பொருந்தாது என்று கருதுகிறேன். அது அறுவை மருத்துவரின் செயலைச் சொல்கிறதே தவிர, அதன்பின் நோயாளியின் உடலில் நீடிக்கும் நிலையைச் சொல்லவில்லை. ‘நரம்பற்ற இதயம்’ என்பதோ பிழையாகவே முடியும். இதயச் சுவரிலுள்ள நரம்பு முடிச்சுகள் கொடையாளியின் இதயத்தோடு சேர்ந்தே வருகின்றன.

எது இழக்கப்படுகிறது என்பதைக் குருதிக் கனஅளவின் சீராக்கத்தில் தெளிவாகக் காணலாம். இயல்பான உடலில் குருதி மிகும்போது மேலறைச் சுவர்கள் விரிகின்றன. அவ்விரிவை உணரும் நரம்பு முனைகள் வேகஸ் என்னும் மூளை நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்ப, சிறுநீரைக் குறைக்கும் இயக்குநீரான (ஹார்மோன்) வாசோபிரசினின் சுரப்பு குறைந்து, சிறுநீரகத்துக்குச் செல்லும் பரிவு (சிம்பதெடிக்) நரம்புகளின் தூண்டலும் தணிந்து, உப்பும் நீரும் வெளியேறுகின்றன. உடலியங்கியல் அறிஞர்கள் கௌயரும் ஹென்றியும் 1950களில் விளக்கிய அனிச்சை வினை இதனுள் அடங்கும். மாற்றிதயத்தின் மேலறையும் விரியத்தான் செய்கிறது; செய்தி மட்டும் மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. 1981இல் டி போல்ட் குழுவினர் வெளிப்படுத்திய, உப்பையும் நீரையும் வெளியேற்றும் மேலறை இயக்குநீர், நரம்பின் துணையின்றியே சுரக்கக்கூடியது என்பதால் இந்நோயாளிகளின் குருதியில் மிகுந்தே காணப்படுகிறது. ஆயினும் உப்பைத் தேக்கும் ரெனினும் ஆல்டோஸ்டீரோனும் வேண்டிய அளவுக்கு அடங்காமல் உப்பும் நீரும் தேங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்வதற்கு மாற்றிதயத்தை உடல் ஒதுக்காமலிருக்கத் தரப்படும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளும் காரணம். எல்லாவற்றையும் நரம்பின்மேல் ஏற்றிவிடக் கூடாது.

இந்த இழப்பு முழுமையானதும் அன்று, நிலையானதும் அன்று. ஷம்வேயின் பெயரால் வழங்கும் இதய மாற்று அறுவை முறையில் நோயாளியின் மேலறைகளின் பின்சுவர் தன் நரம்புகளோடு அப்படியே விடப்படுவதால், இதய மின்வரைபடத்தில் மேலறைத் துடிப்பைக் காட்டும் பி அலைகள், நோயாளியுடையதும் கொடையாளியுடையதுமாக இரண்டு, தனித்தனி வேகத்தில் ஓடுவதைப் பார்க்கலாம். பரிவு நரம்பிழைகளும் பலருக்குக் காலப்போக்கில் ஓரளவு வளர்ந்து சேருகின்றன.

ஆகவே ‘இன்னர்வேஷன்’ என்பதற்கு நரம்பிணைப்பு, ‘டினர்வேஷன்’ என்பதற்கு நரம்பிணைப்பிழப்பு, ‘ரீஇன்னர்வேஷன்’ என்பதற்கு நரம்பு மீளிணைப்பு என மூன்றையும் ஒரே வேரிலிருந்து கொள்ள முன்மொழிகிறேன். ‘நரம்பிழப்பு’ என்று சுருக்கினால் நரம்பே அழிந்துவிட்டதாகப் பொருள்படும். ‘நரம்பறுப்பு’ என்பதை நரம்பை வெட்டும் அறுவையான ‘நியூரோட்டமி’க்கு விட்டுவைப்போம்.

நோயாளிக் கையேட்டில் இச்சொல்லை இவ்வாறு ஆளலாம்: “நரம்பிணைப்பிழப்பு உள்ளவரை உங்கள் இதயம் ஓய்விலும் சற்று விரைவாகவே துடிக்கும், உடலில் நீர் தேங்கக்கூடும் என்பதால் உப்பைக் குறைத்து, நாள்தோறும் எடை பாருங்கள்.”